அம்மாக்களுக்கான சனிக்கிழமை

காலை பத்தரை மணிக்கே கொரீனின் ஷூ தரையில் ஒட்டிக்கொண்டது. ஒரு காலைத் தூக்கினால் ‘ப்ச்’ என்று சத்தம், அடுத்ததைத் தூக்கினால் இன்னொரு ‘ப்ச்’. பையன்கள் கூட்டாகத் தங்கிக் கூத்தடிக்கும் அந்த மாணவர் சங்க வீட்டின் நிலவறையில் எத்தனை வருஷத்து பீர் சிந்திக் காய்ந்திருந்ததோ, அதன் மேல் இன்றைக்குச் சிந்தியதும் சேர்ந்து தரை வெல்லப் பாகு மாதிரி இருந்தது. சுவரோரம் ஒரு கிழிந்த சோபா. அதில் ஈரம். என்ன ஈரம் என்று யோசிக்கக்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை.

இருபத்தைந்து வருஷங்களுக்கு முன் இதே தெருவில், இதே நாற்றத்தைச் சந்தோஷத்தின் வாசனை என்று நினைத்தவள்தான் கொரீன்.

“என்னடி மூக்கைச் சுளிக்கிற? கிழவி ஆயிட்டியா?” என்று ரோண்டா அவள் முதுகில் ஒரு அடி வைத்தாள். ரோண்டா கல்லூரித் தோழி. ஒரே அறை, ஒரே மாணவியர் சங்கம், ஒரே வருஷத்தில் கல்யாணம். இப்போது இரண்டு பேரும் ஒரே மாதிரி ரோஸ் பனியன் போட்டிருந்தார்கள். ‘அம்மா வந்தாச்சு, சரக்கை ஒளிச்சு வைங்க’ என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. ஏப்ரலில் ஒரு வாரக் கடைசியை அம்மாக்களுக்கென்று ஒதுக்குவது அந்தப் பல்கலைக்கழகத்து வழக்கம். பிள்ளைகளைப் பார்க்க அம்மாக்கள் வருவார்கள். சனிக்கிழமை காலையிலேயே பையன்களின் சங்க வீடுகள் அவர்களுக்காகத் திறந்துவிடப்படும். மதியத்துக்குள் பாதிப் பேரால் நிற்க முடியாது.

கொரீனின் மகள் பிரிட்டா இன்னும் அங்கே மாணவி ஆகவில்லை. இடம் கிடைத்திருந்தது, அவ்வளவுதான். மே ஒன்றாம் தேதிக்குள் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிட வேண்டும். எட்டு நாள் இருந்தது.

வீட்டில் இரண்டு மாதமாக அதே பேச்சுதான். மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கும் இந்தப் பெரிய பல்கலைக்கழகமா, அல்லது குன்றின் மேல் தேவாலயமும் பாடகர் குழுவும் வகுப்புக்குப் பன்னிரண்டு பேருமாக இருக்கும் சின்னக் கல்லூரியா? கொரீனின் கணவன் டேல் விதைக் கடைக்காரன். இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுச் சின்னக் கல்லூரிக்காக வாதாடுகிற மனுஷன்.

“நான் அங்க படிச்சவன். அங்க யாரும் படிக்கிறதில்லைன்னு எனக்குத் தெரியாதா?” என்பான்.

“படிப்பு எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் டேல். புஸ்தகம் மாறப் போகுதா? வாழ்க்கைதான் எல்லா இடத்துலயும் கிடைக்காது. அந்த நாலு வருஷம் மாதிரி எனக்கு அப்புறம் ஒரு வருஷம்கூட வாய்க்கல,” என்பாள் கொரீன்.

“அப்ப என்னைக் கட்டிக்கிட்ட வருஷம்?”

“அது அஞ்சாவது வருஷம். போனாப் போகுதுன்னு சேத்துக்கலாம்.”

டேல் சிரிப்பான். பிரிட்டா சிரிக்க மாட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, “பாக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். பயிர்களுக்கு வரும் நோய்களில் அவளுக்கு அப்படி ஒரு பித்து. அப்பாவின் வாடிக்கையாளர்கள் புலம்பிக்கொண்டு கொண்டுவரும் கோதுமை இலைகளை வாங்கி வைத்துக்கொண்டு, மற்றப் பெண்கள் நகைப் பெட்டியைத் திறந்து பார்ப்பது போலப் பார்ப்பாள். இந்தப் பெண்ணுக்கு நாலு தோழிகள், கொஞ்சம் ஆட்டம் பாட்டம், டேல் மாதிரி ஒரு பையன், இவ்வளவும் அமைந்துவிட்டால் போதும் என்பது கொரீனின் கணக்கு. தன் சங்கத்தின் சின்னம் பொறித்த சட்டை ஊசியைப் பாலிஷ் போட்டு வைத்திருந்தாள். “அம்மாக்கள் வாரத்துக்கு வா. ஒரு தடவை பாத்தா நீயே சொல்லுவ,” என்று அழைத்தபோது பிரிட்டா மறுபேச்சுப் பேசாமல் கிளம்பியதில் அவளுக்கு உச்சி குளிர்ந்து போயிருந்தது.

இப்போது பிரிட்டா நிலவறைப் படிக்கட்டின் கடைசிப் படியில், கீழே இறங்காமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

நடுவில் ஒரு மேஜை. அதன் மேல் ஏறி நின்ற பையன் ஒருவன் நீளக் குழாய் பொருத்திய புனலைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். மகனோ மகளோ புனலைப் பிடிக்க வேண்டும். அம்மா கீழே மண்டி போட்டு, குழாயை வாயில் வைத்து, ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் எல்லாரையும்விட அதிகமாகக் குடித்தவளின் பெயரைச் சுவரில் வண்ணத்தால் எழுதுவார்கள். ரோண்டாவின் பெயர் ஏற்கெனவே இரண்டு இடத்தில் இருந்தது.

“அம்மா! அம்மா! அம்மா!” என்று ஐம்பது அறுபது பையன்கள் தரையை மிதித்துக்கொண்டு கத்தினார்கள். பசித்த குழந்தை கூப்பிடும் வார்த்தை அந்த வாய்களில் ஏலம் கேட்பது போல ஒலித்தது.

ரோண்டா இரண்டு முறை குடித்து எழுந்து, கையை உயர்த்தி ஒரு சுற்றுச் சுற்றினாள். “கொரீன்! வாடி! உன் பொண்ணு பாக்கட்டும், நாம யாருன்னு!”

கொரீன் படிக்கட்டைப் பார்த்தாள். பிரிட்டா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். விலகி வந்துவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது உண்மை. ஆனால் எல்லாரும் பார்க்கிறார்களே என்ற கூச்சமும், இன்னும் என்னால் முடியும் என்ற பழைய வீம்பும் சேர்ந்து அவளை மண்டி போட வைத்தன. புனலை யாரோ ஒரு பையன் பிடித்தான். வெதுவெதுப்பான பீர் தொண்டையில் இறங்கியது பாதி, கழுத்து வழியாகப் பனியனுக்குள் இறங்கியது மீதி. எழுந்தபோது கைதட்டல். புனல் பிடித்த பையன் அவள் இடுப்பைச் சுற்றிக் கை போட்டு, அங்கேயே வைத்துக்கொண்டான். பல்லில் கம்பி கட்டியிருந்தான். பத்தொன்பது வயது இருக்கும். வாயில் வெங்காய வாடை.

“அம்மா, நீங்க செம!” என்றான். அப்புறம் படிக்கட்டைப் பார்த்து, “ஏய் தங்கச்சி! உங்கம்மா மாதிரிதானே நீயும்? அடுத்த வருஷம் வந்துடு, உனக்கு இடம் போட்டு வைக்கிறோம்!” என்றான்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கொரீனும் சிரித்தாள். சிரித்த பிறகுதான் அது உறைத்தது. அவன் கையைத் தட்டிவிட்டாள். அவன் அதைப் பொருட்படுத்தவே இல்லை, அதற்குள் அடுத்த அம்மாவைப் பிடிக்கப் போய்விட்டான். இடுப்பில் அந்தக் கை இருந்த இடம் மட்டும் ஈரத் துணி ஒட்டியது போல இருந்தது.

கழிவறைப் பக்கமாக ஒதுங்கினாள். அங்கே, கழிவறைக்குப் போகும் நடையில் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்திருந்தாள் ரோண்டாவின் மகள் கெல்சி. மஞ்சள் மேல்சட்டை, மடியில் வேதியியல் குறிப்புகள், காலடியில் தண்ணீர்ப் பாட்டில்கள், காகிதத் துண்டுச் சுருள். சங்கத்துப் பெண்களில் ஒருத்தி அன்றைக்குக் குடிக்காமல் மற்றவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘குடிக்காத அக்கா’ என்று அதற்குப் பெயர்.

“நீ ஏன்மா இன்னைக்கு இதை எடுத்துக்கிட்ட? உங்கம்மா வந்திருக்கா, கூட இருக்கலாம்ல?”

“எங்கம்மா வர்ற வாரம் நான் எப்பவும் இதைத்தான் எடுத்துப்பேன் ஆன்ட்டி,” என்றாள் கெல்சி. குரலில் புகார் இல்லை. “வேற யாராவது அவங்களைப் பாத்துக்கிட்டா எனக்கு அசிங்கமா இருக்கும்.”

“திங்கக்கிழமை பரீட்சையா?”

“ஆமா. இதே பேப்பர் மூணாவது தடவை.”

“டாக்டருக்குப் படிக்கிறேன்னு சொன்னியே?”

“அது போன வருஷமே போச்சு.” கெல்சி காகிதத்தைத் திருப்பினாள். “வந்த முதல் வருஷம் புதுப் பொண்ணுங்கதான் எல்லா வேலையும் செய்யணும். விருந்து, அலங்காரம், வாரம் நாலு நாள் ஆட்டம். வகுப்புக்குப் போனா சிரிப்பாங்க. நான் போகல. என் தப்புதான், யாரும் கையைப் பிடிச்சு இழுக்கல.”

“ரோண்டாவுக்குத் தெரியுமா?”

“சொல்லணும்னுதான் ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். இங்க வர்றப்ப சொல்ற மாதிரி தெளிவா இருந்தாத்தானே.”

சொல்லி முடிப்பதற்குள் ரோண்டாவே வந்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு ஷூ இல்லாமல், சிரித்துக்கொண்டே வந்தாள். “மூணாவது தடவை எழுதப் போறாங்கடி என் பேரை!” என்றாள். குனிந்தாள். கெல்சி வாளியைத் திருப்பி வைக்குமுன் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. கெல்சியின் திறந்த பைக்குள், புத்தகத்தின் மேல், குறிப்புகளின் மேல், கணக்குப்பொறியின் மேல். காலையில் ஹோட்டலில் தின்ற முட்டையும் அப்பமும் அடையாளம் தெரிகிற மாதிரி.

கொரீன் வாயைப் பொத்திக்கொண்டாள். கெல்சியோ ஒரு கையால் அம்மாவின் தலைமுடியைச் சேர்த்துப் பிடித்தாள், மறு கையால் பாட்டிலை எடுத்துப் பல்லால் திறந்தாள், முழங்காலால் பையைத் தள்ளினாள். பல தடவை செய்து பழகிய வேலை மாதிரி, அவ்வளவு லாகவம். அந்த லாகவம்தான் கொரீனுக்கு வாந்தியைவிட அருவருப்பாக இருந்தது. இந்தப் பெண் இங்கே மூன்று வருஷத்தில் தேறிய பாடம் இது ஒன்றுதானா?

“அய்யோ, என் செல்லம்,” என்று ரோண்டா மகளின் கன்னத்தைத் தட்டினாள். “கோவிச்சுக்காதே. நாளைக்கு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம் பாரு.”

யாரோ கொரீனின் தோளுக்குப் பின்னாலிருந்து காகிதத் துண்டுச் சுருளை எடுத்தார்கள். பிரிட்டா. கடைசிப் படியை விட்டு எப்போது இறங்கினாளோ. மண்டி போட்டு உட்கார்ந்து, நனைந்த குறிப்புகளை ஒவ்வொரு தாளாகப் பிரித்துத் துடைத்து, சுவரோரம் பரப்பினாள். “இதெல்லாம் படிக்க முடியுது கெல்சி. இந்த ரெண்டு பக்கம் மட்டும் போச்சு. போன்ல படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டாள்.

அப்போதுதான் கெல்சியின் கண் கலங்கியது.

ரோண்டாவை ஹோட்டலுக்குக் கொண்டுபோக மூன்று பேரும் வேண்டியிருந்தது. பிரிட்டா கார் ஓட்டினாள். கெல்சிக்கு நாலு மணி வரை அந்தக் காவல் வேலை இருந்தது, அதனால் படுக்க வைத்த கையோடு திரும்ப ஓடினாள். கட்டிலில் ரோண்டாவைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, தலைமாட்டில் குப்பைக் கூடையை வைத்துவிட்டு, ஹோட்டல் வேலைக்காரப் பெண்ணிடம் அடிக்கடி பார்க்கச் சொல்லிவிட்டுக் கொரீன் வெளியே வந்தாள். வாசலில் வெயில் பளீரென்று அடித்தது. மணி ஒன்றுகூட ஆகவில்லை.

“கிளம்பு. நேரா வீட்டுக்குப் போலாம்,” என்றாள். “உங்கப்பா சொன்னதுதான் சரி. சின்னக் கல்லூரியிலயே சேரு. இந்தக் குப்பைமேட்டுப் பக்கமே நீ வர வேண்டாம்.”

“ரெண்டு மணிக்கு நான் ஒருத்தரைப் பாக்கணும்.”

“யாரை?”

“பயிர் நோய் ஆய்வுக்கூடத்துல. மெயில் போட்டு நேரம் வாங்கியிருக்கேன். இலையில செம்மஞ்சளாத் தூள் பூக்குமே, அந்தக் கோதுமைத் துரு நோய்க்குன்னே செடி வளர்க்கத் தனியா ஒரு கண்ணாடி வீடு வெச்சிருக்காங்க. முதல் வருஷ மாணவங்களையே வேலைக்கு எடுத்துக்கறாங்களாம்.” பிரிட்டா கார்ச் சாவியை விரலில் சுற்றினாள். “நான் இதுக்காகத்தான் வந்தேன். உன் அம்மாக்கள் வாரத்துக்கு இல்ல.”

“இவ்வளவு பாத்த பிறகுமா?”

“இது பத்து வீடு, ஒரு தெரு. பல்கலைக்கழகம் இதுதானா? சின்னக் கல்லூரியில உயிரியலுக்குன்னு ஒரே ஒரு வாத்தியார். அவருக்குத் தவளையைத் தவிர ஒண்ணும் தெரியாது. எனக்கு வேண்டியது இங்கதான் இருக்கு. பிப்ரவரியிலயே எனக்குத் தெரியும்.”

“பிப்ரவரியிலயா? அப்புறம் ஏன் இத்தனை நாள் பாக்கலாம், பாக்கலாம்னு...”

“எப்படிம்மா சொல்றது?” பிரிட்டாவின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “நான் சரின்னு சொன்ன நிமிஷம் நீ அந்த ஊசியைக் கொண்டாந்து என் சட்டையில குத்தியிருப்ப. ரோண்டா ஆன்ட்டிக்குப் போன் போட்டிருப்ப. நான் எதுக்குப் போறேன்னு உனக்குக் காதுலயே விழுந்திருக்காது. அப்பாவோ, நான் உன்னை மாதிரி ஆகத்தான் போறேன்னு நினைச்சிருப்பார். நீ இந்த ஊரைப் பத்திப் பேசுறப்பல்லாம் ஒரு தடவையாவது ஒரு வகுப்பைப் பத்திச் சொல்லியிருக்கியா? ஒரு வாத்தியார் பேர்?”

கொரீன் யோசித்தாள். பதினெட்டு வருஷமாக மகளுக்குச் சொன்ன கதைகள் எல்லாவற்றிலும் தேடினாள். பனியில் மேல்கோட்டு இல்லாமல் நின்ற கதை. டேல் தன் கோட்டைக் கழற்றித் தந்த கதை. கூரை மேல் ஏறிய கதை. வாத்தியார் ஒருவரும் இல்லை.

“அந்தப் பையன் உன் இடுப்புல கை வெச்சான்,” என்றாள் பிரிட்டா, மெதுவாக. “நீ சிரிச்ச.”

“தட்டி விட்டேன்டி.”

“அப்புறம்தான் தட்டின. முதல்ல சிரிச்ச.”

பேச வாயெடுத்தால் பீர் ஏப்பம் வந்துவிடுமோ என்று கொரீனுக்குப் பயமாக இருந்தது.

“அப்பாகிட்ட நீதான் சொல்லணும்,” என்றாள் பிரிட்டா. “நான் சொன்னா நம்ப மாட்டார். நீ சொல்லிக் கொடுத்துச் சொல்றேன்னு நினைப்பார். இன்னைக்கு நடந்ததை எல்லாம் சொல்லு. சொல்லிட்டு, அப்புறமும் நான் இங்க ஏன் வரணும்னு சொல்லு.”

ஆய்வுக்கூடம் ஊரின் மறுகோடியில், மாட்டுப் பண்ணைக்குப் பக்கத்தில் இருந்தது. சனிக்கிழமையாக இருந்தும் கண்ணாடி வீட்டுக்குள் நாலைந்து பேர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு தொட்டி தொட்டியாகக் குனிந்து ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார்கள். தாடி வைத்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் கதவைத் திறந்து, “பிரிட்டாவா? வாங்க. அம்மாவும் வர்றாங்களா?” என்றார். அவர் கண் ரோஸ் பனியனைப் படித்துவிட்டு நாகரிகமாக வேறு பக்கம் திரும்பியது.

“இல்ல, அவங்க வெளியில இருப்பாங்க,” என்றாள் பிரிட்டா. கொரீனின் காதருகே வந்து, “நாறுதும்மா. தப்பா எடுத்துக்காத,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கொரீன் வெளி பெஞ்சில் உட்கார்ந்தாள். வண்டியிலிருந்து மேல்கோட்டை எடுத்துக் கழுத்து வரை பொத்தான் போட்டு அந்தப் பனியனை மறைத்தாள். வியர்த்தது. கழற்றவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாடிக்காரர் ஒரு இலையைக் காட்டினார். பிரிட்டா ஏதோ மறுத்துப் பேசினாள். அவர் சிரித்து, இன்னொருவரைக் கூப்பிட்டார். மூன்று பேரும் ஒரே இலை மேல் குனிந்தார்கள். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத பெண் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

கொரீன் டேலுக்குப் போன் போட்டாள்.

“என்ன, ஆட்டம் எப்படி?” என்றான் அவன். பின்னால் விதை மூட்டை இறக்கும் சத்தம்.

அவள் சொன்னாள். ஒட்டும் தரையிலிருந்து ஆரம்பித்தாள். புனல், மண்டி, பையன், அவன் கை, தன் சிரிப்பு, ரோண்டா, கெல்சியின் பை. எங்கேயும் நிறுத்தி அழகுபடுத்தவில்லை. மூட்டை சத்தம் நின்றிருந்தது. டேல் எங்கேயோ தள்ளிப் போய் நின்று கேட்கிறான் போலிருக்கிறது.

“நானும் அந்தப் புனலைப் பிடிச்சவன்தான் கொரீன்,” என்றான் கடைசியில். “யாரோட அம்மாவையோ. அந்தக் கதையை நான் உன்கிட்ட சொன்னதில்ல. அதனாலதான் வேண்டாம்னேன்.”

“ம்.”

“சரி விடு. சின்னக் கல்லூரின்னு முடிவாச்சுல்ல? திங்கக்கிழமை எழுதிப் போட்டுடலாம்.”

“இல்ல டேல். இங்கதான்.”

“குடிச்சிட்டுப் பேசுறியா?”

“குடிச்சிருக்கேன். ஆனா இதைத் தெளிவாத்தான் சொல்றேன். நாம இந்த ஊருக்கு வந்து இந்தப் பக்கம் ஒரு தடவையாவது வந்திருக்கமா? நாலு வருஷம் இருந்தோம். மாட்டுப் பண்ணை தாண்டி ஒரு கண்ணாடி வீடு இருக்குன்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. உன் பொண்ணு வீட்டுல இருந்தபடியே கண்டுபிடிச்சிருக்கா. இப்ப உள்ள நின்னு ஒரு தாடிக்காரரோட சண்டை போட்டுக்கிட்டிருக்கா. அவர் சந்தோஷமா கேட்டுக்கிட்டிருக்கார்.”

“என்ன சண்டை?” என்றான் டேல்.

“கோதுமை இலை. எனக்கென்ன தெரியும்? நீயே கேளு, உனக்காவது புரியும்.”

“அந்தச் சங்கம்?”

“சேர மாட்டா. நான் கேட்கவும் மாட்டேன்.” மகளோடு ஒரே ஊசி குத்திக்கொண்டு படம் எடுத்துக்கொள்வதை எத்தனை வருஷமாக மனசுக்குள் பார்த்து வைத்திருந்தாள்! அந்தப் படத்தில் இப்போது கம்பி கட்டிய ஒரு பல்வரிசை வந்து நின்றுகொண்டு போக மாட்டேன் என்றது.

பிரிட்டா வெளியே வர நாலரை மணி ஆயிற்று. விரல் நுனியெல்லாம் செம்மஞ்சள் தூள். முகத்தில் அடக்க முடியாத ஒரு வெளிச்சம். அம்மாவைக் கண்டதும் அதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள். அது கொரீனைச் சுட்டது.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும். நான் சிரிச்சது வரைக்கும். திங்கக்கிழமை அப்பாவே எழுதிப் போடுறாராம்.”

பிரிட்டா தலையசைத்தாள். கட்டிப்பிடிக்கவில்லை. கொரீனும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு பேரும் கார் வரை நடந்தார்கள்.

“அடுத்த வருஷம் இந்த வாரத்துக்கு நீ வரக் கூடாது,” என்றாள் பிரிட்டா, கதவைத் திறந்துகொண்டே.

“சரி.”

“எந்த வருஷமும்.”

“சரிடி.” கொரீன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பட்டையை மாட்டினாள். “அப்ப எப்ப வரலாம்?” என்று கேட்டாள். கெஞ்சுவது போல இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள்.

பிரிட்டா கண்ணாடியைச் சரிசெய்தாள், காரைக் கிளப்பினாள், பண்ணைச் சாலையின் வளைவு வரை ஓட்டினாள்.

“செப்டம்பர் கடைசியில வயல்ல கோதுமை விதைப்பாங்களாம். ஆள் போதாதாம், வீட்டு ஆளுங்களையும் கூப்பிடுவாங்களாம்,” என்றாள். “அதுக்கு வேணா வா. காலையில ஆறு மணிக்கே வரணும்.”